கறுத்த திரைக்குப் பின்னால்: கொமடோர் 64 மதர்போர்டைப் பழுது பார்த்தல்

கொமடோர் 64 கணினியின் மதர்போர்டில் எந்த மூலையில் கோளாறு வந்தாலும் அது பெரும்பாலும் ஒரே கோலத்தில்தான் தென்படும். பவர் விளக்கு எரியும். திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கும். மின்சாரம் வரும் வழியில் குறை இருந்தாலும், நினைவகச் சிப் ஒன்று செத்திருந்தாலும், நிரல் அடங்கிய ரோம் கெட்டிருந்தாலும் பார்ப்பவருக்குத் தெரிவது அதே கறுப்புதான். ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருப்பதால், கையில் கிடைத்த சிப்பை மாற்றிப் பார்க்கும் முறை இங்கே பலிக்காது. எதை முதலில் சோதிப்பது, எதைப் பிறகு சோதிப்பது என்ற வரிசைதான் இந்த வேலையின் உயிர்.

1982 ஜனவரியில் லாஸ் வேகாஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, அதே ஆண்டு ஆகஸ்டில் 595 டாலர் விலைக்குச் சந்தைக்கு வந்த கணினி இது. கொமடோர் நிறுவனம் திவாலான 1994 வரை தயாரிப்பில் இருந்தது. இன்றைய மதர்போர்டுகளோடு ஒப்பிட்டால் பழுது பார்ப்பவருக்கு இது பெரிய வரம். சிப்புகள் எல்லாம் இரு பக்கமும் கால்கள் தெரியும் பெரிய சிப்புகள். போர்டில் செப்புத் தடங்கள் இரண்டு அடுக்குதான். ஒவ்வொரு சிப்பின் இடத்துக்கும் பக்கத்தில் யு1, யு2 என்று எண் அச்சிடப்பட்டிருக்கும். நிறுவனம் தன் நிரலாளர் கையேட்டிலேயே முழு மின்சுற்று வரைபடத்தையும் வெளியிட்டது. அந்த வரைபடமும், ஒரு மல்டிமீட்டரும், சூடு நிலையாக நிற்கும் சால்டரிங் அயர்னும், பொறுமையும் இருந்தால் பெரும்பாலான பழுதுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், நல்ல நிலையில் இருக்கும் கணினி சுவிட்சைப் போட்டதும் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 6510 என்ற மையச் செயலி, கெர்னல் எனப்படும் ரோமிலிருந்து தொடக்க நிரலைப் படிக்கிறது. அந்த நிரல் நினைவகத்தை ஒவ்வொரு பைட்டாகச் சோதித்துக்கொண்டே போகிறது: ஒரு மதிப்பை எழுதி, திரும்பப் படித்து, இரண்டும் ஒன்றா என்று பார்க்கிறது. இதற்கு இரண்டு மூன்று விநாடி ஆகும். அதுவரை திரை கறுப்பாக இருப்பது இயல்பு. சோதனை முடிந்த பிறகுதான் செயலி படச் சிப்புக்கு நிறங்களைச் சொல்கிறது. நீலத் திரை எழுகிறது. 38911 பைட்டுகள் காலியாக உள்ளன என்ற வரி வருகிறது. இந்த 38911 என்ற எண்ணிலேயே ஒரு துப்பு இருக்கிறது. நினைவகச் சோதனை மேல்நோக்கி ஏறிக்கொண்டே போய், 40960ஆவது முகவரியில் பேசிக் ரோம் குறுக்கிடுவதால் எழுதியது திரும்பி வராமல் அங்கே நின்றுவிடுகிறது. பேசிக் நிரல்களுக்கான இடம் 2049இல் தொடங்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்தால் 38911. ஆகவே திரையில் இதைவிடக் குறைந்த எண் வந்தால், வழியில் எங்கோ ஒரு நினைவகச் சிப் தவறாகப் பதில் சொல்லியிருக்கிறது என்று உடனே சொல்லிவிடலாம்.

கறுத்த திரையிலும் இரண்டு வகை உண்டு. தொலைக்காட்சி 'சிக்னல் இல்லை' என்று காட்டினால் படச் சிப்பே இயங்கவில்லை. சிக்னல் வந்து, படம் வெறும் கறுப்பாக நின்றால் படச் சிப் உயிரோடு இருக்கிறது. செயலிதான் நிறம் சொல்லும் கட்டம்வரை வந்து சேரவில்லை. இந்த ஒரு வேறுபாட்டைக் கவனித்தாலே தேடவேண்டிய இடம் பாதியாகக் குறைகிறது.

ஆனால் மதர்போர்டைத் தொடும் முன் கவனிக்க வேண்டிய பொருள் மதர்போர்டில் இல்லை. அது வெளியே தனிப்பெட்டியாக வரும் பவர் சப்ளை. கொமடோர் 64க்கு இரண்டு வகை மின்சாரம் வேண்டும்: 5 வோல்ட் டிசி, 9 வோல்ட் ஏசி. அந்த 5 வோல்ட்டை ஒழுங்குபடுத்தும் ரெகுலேட்டர் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. பல பெட்டிகளில் உள்ளே பிசின் ஊற்றி இறுக்கியிருப்பார்கள். சூடு வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் வெந்த ரெகுலேட்டர் கெடும்போது மின்னழுத்தம் இறங்குவதற்குப் பதில் ஏறிவிடுவது இதன் கொடுமை. போர்டில் உள்ள சிப்புகள் 4.75 முதல் 5.25 வோல்ட் வரைதான் தாங்குமாறு வடிவமைக்கப்பட்டவை. அதற்கு மேல் ஏறினால் முதலில் பலியாவது நினைவகச் சிப்புகள். இந்தக் கணினிகளைக் கொன்றதில் காலத்தைவிட இந்தப் பெட்டிக்கே பெரிய பங்கு உண்டு. பெட்டியைத் தனியாக அளந்தால் சரியாகக் காட்டிவிட்டு, கணினியில் செருகியதும் தடுமாறுவதும் உண்டு என்பதால் ஒரு முறை அளந்து நல்லது என்று நம்பிவிட முடியாது. பிசின் ஊற்றிய பெட்டியைப் பிரித்துச் சரி செய்ய முயல்வது வீண். உள்ளே வீட்டு மின்சாரம் ஓடுவதால் ஆபத்தும்கூட. புதிதாகச் செய்த பவர் சப்ளையை வாங்கிப் பூட்டுவது, அல்லது 5 வோல்ட் எல்லை மீறினால் இணைப்பைத் துண்டிக்கும் காப்புச் சுற்றை நடுவில் வைப்பது, இந்த இரண்டே சரியான வழி.

நல்ல பவர் சப்ளை கையில் இருப்பது உறுதியான பிறகு போர்டுக்குள் மின்னழுத்தங்களைப் பார்க்க வேண்டும். 9 வோல்ட் ஏசி ஒரு 1.5 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக உள்ளே வருகிறது. பழைய போர்டுகளில் அதிலிருந்துதான், 7812 ரெகுலேட்டர் மூலம் ஒலிச் சிப்புக்கும் படச் சிப்புக்கும் வேண்டிய 12 வோல்ட்டும், 7805 மூலம் படச் சிப்புக்கும் கடிகாரச் சுற்றுக்கும் தனியான இன்னொரு 5 வோல்ட்டும் உருவாகின்றன. பவர் விளக்கோ பெட்டியிலிருந்து நேராக வரும் 5 வோல்ட்டில் எரிகிறது. அதனால் ஃபியூஸ் போயிருந்தாலும் விளக்கு பளிச்சென்று எரியும், திரை மட்டும் செத்துக் கிடக்கும். விளக்கு எரிகிறதே, மின்சாரம் சரி என்று முடிவு கட்டி, நல்ல சிப்புகளைப் பிடுங்கத் தொடங்குவது அடிக்கடி நடக்கும் விபரீதம். சில ரூபாய் ஃபியூஸ் ஒன்றுதான் அங்கே குற்றவாளி.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. போர்டில் உள்ள சாதாரண 74 வரிசைச் சிப்புகளில் கடைசிக் காலில் 5 வோல்ட்டும் எதிர் மூலையில் கிரவுண்டும் இருக்கும். 4164 நினைவகச் சிப்பில் இது தலைகீழ்: 8ஆம் காலில் 5 வோல்ட், 16ஆம் காலில் கிரவுண்டு. இதை மறந்து அளப்பவர் மீட்டரில் எதிர்மறை எண்ணைப் பார்த்துக் குழம்பிப்போவார். மறந்து சிப்பைத் திருப்பிச் செருகினால், அந்தச் சிப் அங்கேயே முடிந்துவிடும்.

மின்சாரத்துக்கு அடுத்தது கடிகாரத் துடிப்பு. போர்டில் உள்ள படிகத்தின் அதிர்வு படச் சிப்புக்குப் போய், அங்கே வகுபட்டு, செயலிக்குச் சேர்கிறது. பால் எனப்படும் தொலைக்காட்சி முறைக்கான கணினியில் செயலி நொடிக்குச் சுமார் 9 லட்சத்து 85 ஆயிரம் துடிப்பிலும், அமெரிக்க என்டிஎஸ்சி முறைக் கணினியில் 10 லட்சத்து 23 ஆயிரம் துடிப்பிலும் ஓடுகிறது. செயலிக்குத் துடிப்பு கொடுப்பதே படச் சிப்தான் என்பதால் அது செத்தால் செயலியும் நின்றுவிடும். 6510இன் முதல் காலில் ஆசிலாஸ்கோப்பை வைத்தால் சுமார் 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலை தெரிய வேண்டும். ஆசிலாஸ்கோப் இல்லாதவர்கள் அதிர்வெண் காட்டும் மல்டிமீட்டரையோ லாஜிக் புரோபையோ கொண்டு சமாளிக்கலாம். அதன் பிறகு 40ஆம் காலில் ரீசெட். சுவிட்சைப் போட்ட கணத்தில் அது பூஜ்யத்தில் இருந்து, அரை விநாடியளவில் 5 வோல்ட்டை நோக்கி ஏற வேண்டும். ஏறாமல் பூஜ்யத்திலேயே கிடந்தால் செயலி தொடங்கவே போவதில்லை. 556 என்ற டைமர் சிப்பையும் அதைச் சுற்றியுள்ள பாகங்களையும் சந்தேகிக்க வேண்டும்.

இதுவரை எல்லாம் சரியென்றால் விரலும் ஒரு கருவிதான். கணினியை ஒரு நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு சிப்பின் மேலும் விரலின் பின்புறத்தை லேசாக வைத்துப் பார்க்க வேண்டும். படச் சிப்பும், அடுத்துப் பார்க்கப்போகும் பிஎல்ஏ என்ற சிப்பும் நல்ல நிலையிலேயே சூடாகத்தான் இருக்கும். நினைவகச் சிப்புகள் வெதுவெதுப்போடு நிற்க வேண்டும். எட்டில் ஒன்று மட்டும் விரலைச் சுட்டால் அது உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. சூடாகாத சிப் எல்லாம் நல்ல சிப் என்று இதற்குப் பொருள் இல்லை. குளிர்ந்தபடியே செத்துக் கிடப்பவையும் உண்டு.

கறுத்த திரைக்கு அடிக்கடி காரணமாகும் சிப்புகளில் யு17 இடத்தில் உள்ள பிஎல்ஏ முக்கியமானது. இந்தக் கணினியின் செயலிக்கு மொத்தம் 65536 முகவரிகள்தான் உண்டு. அத்தனையையும் நினைவகமே நிரப்பிவிடுகிறது. அதற்கு மேல் ரோம்களும் படம், ஒலி, விசைப்பலகைச் சிப்புகளும் அதே முகவரிகளில்தான் குடியிருக்க வேண்டும். செயலி ஒரு முகவரியைக் கேட்கும்போது, இப்போது பதில் சொல்ல வேண்டியவர் யார் என்று முடிவு செய்வது பிஎல்ஏவின் வேலை. 16 உள்ளீடுகளைப் பார்த்து 8 வெளியீடுகளில் தீர்ப்பு சொல்கிறது. அது தடுமாறினால் இரண்டு சிப்புகள் ஒரே நேரத்தில் பேசும், அல்லது ஒருவருமே பேசமாட்டார்கள். கொமடோரின் துணை நிறுவனமான எம்ஓஎஸ் டெக்னாலஜியே தயாரித்த பிஎல்ஏக்கள் அதிகம் கெடுபவை. நல்ல வேளையாக, பல போர்டுகளில் இது சாக்கெட்டில் இருக்கிறது. நல்லது என்று தெரிந்த ஒன்றை வைத்துப் பார்த்தால் விஷயம் முடிந்தது.

அடுத்து நினைவகம். பழைய போர்டுகளில் எட்டு 4164 சிப்புகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரே ஒரு பிட்டை மட்டும் வைத்திருக்கிறது. எட்டில் ஒன்று கெட்டாலும் எல்லாப் பைட்டும் கெட்டதாகிவிடும். செயலி துணை நிரலிலிருந்து திரும்பி வரவேண்டிய முகவரியையே நினைவகத்தில்தான் எழுதிவைக்கிறது. அது பிழையாகத் திரும்பினால் நிரல் வழிதவறி எங்கோ போய்விடும். அதனால்தான் நினைவகக் கோளாறு பெரும்பாலும் பிழைச் செய்தியாக வராமல் கறுத்த திரையாக வருகிறது. இந்த இடத்தில் உதவுவதற்காகக் கொமடோரின் பழுதுபார்ப்பு மையங்களுக்கென்று 781220 என்ற எண்ணுள்ள டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் உருவாக்கப்பட்டது. அதைச் செருகினால் கெர்னல் ரோமின் இடத்தில் கார்ட்ரிட்ஜின் நிரலே அமர்ந்துகொள்கிறது. நல்ல நினைவகம் ஒன்றும் இல்லாமலேயே அது ஓடும். கெட்ட பிட்டைக் கண்டால் திரையைப் பளிச் பளிச்சென்று மின்னவைக்கும். எத்தனை முறை மின்னுகிறது என்பதே சிப்பின் அடையாளம். ஒரு முறை என்றால் யு12, இரண்டு என்றால் யு24, மூன்று யு11, நான்கு யு23, ஐந்து யு10, ஆறு யு22, ஏழு யு9, எட்டு யு21. திரையில் எழுத்து காட்ட வழியில்லாத கணினியையும் தன் நோயைத் தானே எண்ணிச் சொல்ல வைத்த இந்த ஏற்பாடு, அந்தக் காலப் பொறியாளர்களின் கூர்மைக்கு நல்ல சான்று.

மின்னல் எண்ணிக்கையை மட்டும் நம்பிச் சிப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சந்தேகத்துக்குரிய சிப்பின் முதுகில் அதே வகையான நல்ல சிப்பை, கால்கள் ஒன்றோடொன்று படும்படி அழுத்தி வைத்து சுவிட்சைப் போடலாம். கீழே உள்ளது பேசாமல் செத்திருந்தால் மேலே உள்ளது அதன் வேலையைச் செய்து கணினியை எழுப்பிவிடும். ஷார்ட் ஆன சிப்பிடம் இது பலிக்காது. எட்டு பிட்டும் கெட்டதுபோலத் தோன்றினால் எட்டு சிப்பும் ஒன்றாகச் செத்தன என்று நம்புவதற்கு முன், அவற்றுக்கு முகவரியை இரண்டு தவணையாகப் பிரித்து அனுப்பும் யு13, யு25 சிப்புகளைப் பார்க்க வேண்டும். அவை 74எல்எஸ்257 வகை. அவற்றின் இடத்தில் 77 என்று தொடங்கும் எண்ணோடு எம்ஓஎஸ் தானே தயாரித்த சிப் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

மற்ற சிப்புகள் கெடும்போது அறிகுறிகள் தெளிவாகவே பிரிகின்றன. விளையாட்டுக் கார்ட்ரிட்ஜ் நன்றாக ஓடி, கார்ட்ரிட்ஜ் இல்லாமல் நீலத் திரை மட்டும் வந்து எழுத்து வராமல் நின்றால் பேசிக் ரோம். எழுத்துகள் வரவேண்டிய இடங்களில் கட்டங்களும் குப்பையும் வந்தால் எழுத்து ரோம். உருவங்கள் சரியாக இருந்து நிறங்கள் மட்டும் மினுமினுத்தால் நிற நினைவகமான 2114. 'ரெடி' என்ற சொல் வந்து, அதன் கீழே கர்சர் சிமிட்டாமல் இருந்தால் முதல் 6526 சிப்: கர்சரைச் சிமிட்ட வைப்பதும் விசைகளைப் படிப்பதும் அதன் டைமர்தான். டிஸ்க் டிரைவ் பேசவில்லை, படம் தவறான நினைவகப் பகுதியிலிருந்து வருகிறது என்றால் இரண்டாவது 6526. இரண்டும் ஒரே சிப் என்பதால், சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பார்க்கலாம். நோயும் கூடவே இடம் மாறினால் கெட்டது எது என்று தெரிந்துவிடும். ஜாய்ஸ்டிக் துளையின் கம்பிகளை விரலால் தொடுவதால் பாயும் நிலைமின்சாரமே முதல் 6526ஐப் பல வேளைகளில் கொல்கிறது. ஒலிச் சிப் கெட்டால் கணினி ஊமையாகும், அவ்வளவுதான். அதைக் கழற்றி வைத்துவிட்டும் கணினியை ஓட்டலாம்.

கெட்ட சிப்பைக் கண்டுபிடிப்பதைவிட, அதைக் கழற்றும்போதுதான் போர்டுகள் அதிகம் சேதமாகின்றன. போர்டின் துளைகளுக்கு உட்சுவரிலும் செப்புப் பூச்சு உண்டு. மேல் தடத்தையும் கீழ்த் தடத்தையும் இணைப்பது அதுதான். ஈயம் முழுதாக உருகும் முன் காலை இழுத்தால் அந்தப் பூச்சும் தடமும் சேர்ந்தே உரிந்து வந்துவிடும். செத்தது உறுதியான 4164 போன்ற எளிதில் கிடைக்கும் சிப்பைக் காப்பாற்ற நினைக்கவே கூடாது. சிறிய கட்டரால் சிப்பின் உடலை ஒட்டிக் கால்களை வெட்டி, உடலை எடுத்துவிட வேண்டும். பிறகு ஒவ்வொரு காலிலும் புதிய ஈயம் கொஞ்சம் வைத்து, ஃபிளக்ஸ் தடவி, சூடாக்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பழைய ஈயத்தோடு புதிய ஈயம் கலந்தால்தான் சீராக உருகும். துளையில் மிச்சமுள்ள ஈயத்தைச் சால்டர் சக்கரால் உறிஞ்சலாம். கிரவுண்டு காலில் மட்டும் கூடுதல் நேரம் ஆகும். அகன்ற செப்புப் பரப்பு சூட்டை இழுத்துக்கொள்வதே காரணம். அங்கே அவசரப்பட்டு அயர்னை அழுத்துவதால்தான் தடங்கள் பெயர்கின்றன. படச் சிப்பும் ஒலிச் சிப்பும் சால்டர் செய்யப்பட்டிருந்தால் வெட்டும் முறை அறவே கூடாது. அவற்றை இன்று யாரும் தயாரிப்பதில்லை.

துளைகள் சுத்தமானதும் நேரடியாகப் புதிய சிப்பைப் பற்றவைக்காமல் நல்ல சாக்கெட்டைப் பற்றவைப்பது நலம். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் ஃபிளக்ஸைத் துடைத்து, மீட்டரின் ஒலியை வைத்து ஒவ்வொரு காலும் வரைபடம் சொல்லும் இடத்தோடு இணைந்திருக்கிறதா, பக்கத்துக் காலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

மாற்றுப் பாகங்களில் சில எளிது, சில அரிது. 4164 இன்னும் கிடைக்கிறது. பிஎல்ஏவுக்குப் பதில் அதன் தீர்ப்புகளை எழுதிய 27சி512 ஈபிரோமைத் துணைப் பலகையில் பொருத்தலாம். வேகப் பொருத்தம் சரியாக இல்லாவிட்டால் சில கார்ட்ரிட்ஜ்கள் தகராறு செய்யும் என்பதால் இதற்கென்றே வடிவமைத்த புதிய மாற்றுகள் மேல். ஒலிச் சிப்பில் 6581, 8580 என்று இரு வகை உண்டு. கால்களின் எண்ணிக்கையும் அமைப்பும் ஒன்றுபோல இருந்தாலும் முதலாவது 12 வோல்ட்டிலும் இரண்டாவது 9 வோல்ட்டிலும் ஓடுகின்றன. 12 வோல்ட் போர்டில் 8580ஐச் செருகுவது அரிய சிப் ஒன்றை வீணாகப் பலி கொடுப்பது.

பழைய போர்டு என்றாலே எல்லா எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களையும் மாற்ற வேண்டும் என்ற வழக்கம் இன்று பரவியிருக்கிறது. கொமடோர் 64ஐப் பொறுத்தவரை இது தேவையற்றது. இதன் கெப்பாசிட்டர்கள் பெரும்பாலும் நன்றாகவே நிற்கின்றன. கறுத்த திரைக்கு அவை காரணமாவது அபூர்வம். அமிகா 600, 1200 போன்ற பிற்காலக் கணினிகளின் போர்டுகளின் கதை வேறு. அவற்றின் சிறிய மேற்பரப்புக் கெப்பாசிட்டர்கள் கசிந்து தடங்களை அரிக்கின்றன. அங்கே மாற்றியே ஆக வேண்டும். 386 காலத்துப் பிசி போர்டுகளிலும் அமிகா 2000இலும் கடிகாரத்துக்காக வைத்த நிக்கல் காட்மியம் பேட்டரி காரத்தைக் கக்கிச் சுற்றிலும் பச்சை பூக்கவைக்கிறது. அதை வெட்டி எடுத்து, வினிகரால் காரத்தை முறித்து, கழுவுவதே முதல் வேலை. 1981இன் ஐபிஎம் பிசி போர்டில் டான்டலம் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆகி, பவர் சப்ளை கிளம்பவே மறுக்கும். ஒரு போர்டின் நோயை இன்னொரு போர்டின் மேல் ஏற்றிப் பார்ப்பதால் நல்ல பாகங்களைக் கழற்றும் நிலைதான் வரும்.

நீலத் திரை வந்ததும் கணினியை மூடிவிடக் கூடாது. சூடேறிய பிறகே வெளிப்படும் கோளாறுகள் பல. 586220 என்ற சோதனைக் கார்ட்ரிட்ஜை, துளைகள் அனைத்தையும் ஒன்றோடொன்று இணைக்கும் வயர்களோடு பூட்டினால், அது நினைவகம், ரோம், விசைப்பலகைத் துளை, ஜாய்ஸ்டிக், டிஸ்க் இணைப்பு எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றிச் சோதித்துக் கெட்ட சிப்பின் எண்ணைத் திரையில் காட்டும். அதைச் சில மணி நேரம் ஓடவிட்டு, இடையிடையே 5 வோல்ட்டையும் சிப்புகளின் சூட்டையும் பார்க்க வேண்டும். படச் சிப்பை மூடியிருந்த உலோகக் கவசத்தைத் திரும்ப வைக்கும்போது, சிப்பின் முதுகில் உள்ள காய்ந்த வெப்பப் பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவ வேண்டும். அந்தக் கவசம்தான் அதன் சூட்டை வெளியே எடுத்துச் செல்கிறது.